காசு வாங்காத ஆப்பிரிக்க ஆய்விதழ்கள்: செலவை யார் ஏற்பது?

நீங்கள் கேட்டது இது: ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பல ஆய்விதழ்கள் எழுதுபவரிடமும் காசு வாங்குவதில்லை, படிப்பவரிடமும் வாங்குவதில்லை. அப்படியிருந்தும் அவை ஏன் சில ஆண்டுகளிலேயே தள்ளாடுகின்றன? வெளியிலிருந்து நிதி கொடுத்தால் நிமிர்ந்துவிடுமா? ஓர் இளம் ஆய்வாளர் அவற்றை நம்பிக் கட்டுரை அனுப்பலாமா? மூன்றும் வேறு வேறாகத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். இரு பக்கமும் பணம் தராத இடத்தில் வேலையைச் செய்பவர் யார், அவருக்குச் சம்பளம் தருபவர் யார்? நூலக அறிவியல் படித்துவிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் பல்கலைக்கழக ஆய்விதழ்களின் வெளியீட்டு வேலையில் பல ஆண்டுகள் இருந்த பழக்கத்தில் சொல்கிறேன். எனக்கு நேரடியாகத் தெரிந்தவை ஆங்கிலத்தில் வரும் இதழ்கள். பிரெஞ்சு, அரபு இதழ்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து பார்த்து அறிந்தது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இந்த வகை இதழ்களை 'டயமண்ட்' என்று அழைக்கிறார்கள். பெரிய பன்னாட்டுப் பதிப்பகங்களின் திறந்த இதழ்களில் படிப்பது இலவசம். ஆனால் எழுதியவர் கட்டுரைக்கு 2,000, 3,000 டாலர் என்று கட்ட வேண்டியிருக்கும். மிக ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி உண்டு. தென் ஆப்பிரிக்கா போல நடுத்தர வருமானத்தின் மேல்தட்டில் இருக்கும் நாட்டுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. டயமண்ட் இதழில் இந்தக் கட்டணமே கிடையாது. 2021இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று இப்படி 17,000 முதல் 29,000 வரை இதழ்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பங்கு ஐரோப்பாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இருக்கிறது; ஆப்பிரிக்காவின் பங்கு மிகச் சிறியது. அந்த ஆய்வு எடுத்துக்காட்டிய இன்னொன்று, இந்த இதழ்களில் பெரும்பாலானவை சம்பளமில்லாத உழைப்பை நம்பித்தான் ஓடுகின்றன என்பது. எங்கள் அனுபவமும் அதுவே.

இவை ஏன் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லிவிடுகிறேன். தெற்கு எத்தியோப்பியாவில் என்செட் என்றொரு பயிர் உண்டு. பார்க்க வாழை போலவே இருக்கும், பழத்துக்காக வளர்ப்பதில்லை. தண்டையும் கிழங்கையும் சுரண்டிப் புளிக்கவைத்து உணவாக்குகிறார்கள். கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவு அது. அதைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் பற்றி ஒரு மாவட்ட அளவில் நடத்திய கள ஆய்வை வெளிநாட்டுப் பெரிய இதழுக்கு அனுப்பினால், 'வட்டார முக்கியத்துவம் மட்டுமே உள்ளது' என்ற வரியோடு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். பக்கத்து மாவட்ட வேளாண் அலுவலருக்கோ அதைவிட முக்கியமான கட்டுரை வேறில்லை. அந்தக் கட்டுரைக்கு இடம் கொடுக்கும் இதழ் அந்த நாட்டிலேயே இருக்க வேண்டும். அலுவலர் காசில்லாமல் படிக்க முடிய வேண்டும். ஆய்வாளரும் காசில்லாமல் வெளியிட முடிய வேண்டும். பெனின் நாட்டு மெய்யியலாளர் பௌலின் ஹூண்டோன்ஜி, ஆப்பிரிக்க ஆய்வு வெளியார் கேள்விகளுக்கு வெளியார் இதழ்களில் பதில் சொல்லவே பழக்கப்பட்டிருக்கிறது என்று பல பத்தாண்டுகளாக எழுதிவந்தார். 2024இல் காலமான அவர் சொன்னது இன்றும் அப்படியே பொருந்துகிறது.

இனி, இதழ் எப்படித் தள்ளாடுகிறது என்பது. பலர் நினைப்பதுபோல மென்பொருள் இங்கே தடையே இல்லை. கனடாவில் உருவான ஓஜேஎஸ் என்ற இலவச மென்பொருள் 2001இலிருந்து இருக்கிறது. கட்டுரை வாங்குவது, மதிப்பீட்டாளருக்கு (கட்டுரையைப் படித்துத் தரம் பார்க்கும் சக ஆய்வாளருக்கு) அனுப்புவது, வெளியிடுவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். 2020இல் உலகெங்கும் 25,000க்கு மேற்பட்ட இதழ்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு வளரும் நாடுகளுடையவை. தனியாக சர்வர் வைக்க முடியாத இதழுக்கு ஏஜோல் இருக்கிறது. 1998இல் பிரிட்டனைச் சேர்ந்த ஐனாஸ்ப் அமைப்பு தொடங்கி, 2005இல் தென் ஆப்பிரிக்காவுக்கு மாறிய தளம் அது. 500க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க இதழ்கள் அதில் உள்ளன; இடம் தருவதற்கு அவர்கள் இதழ்களிடம் கட்டணம் கேட்பதில்லை. (இலங்கை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய இலங்கை ஆய்விதழ்த் தளமும் இதே ஐனாஸ்ப் முயற்சியில் பிறந்ததுதான்; இப்போது அந்நாட்டுத் தேசிய அறிவியல் மன்றம் அதைப் பார்த்துக்கொள்கிறது.)

தடை மனிதரிடம் இருக்கிறது. ஒரு துறையின் இதழ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மூத்த விரிவுரையாளர் ஒருவர் எடிட்டர். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பாடம், அதற்கு மேல் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகள், நிர்வாகக் கூட்டங்கள். மீதி நேரத்தில், பெரும்பாலும் இரவில், வந்த கட்டுரைகளைப் பிரித்துப் பார்க்கிறார். மதிப்பீட்டுக்கு ஏழெட்டுப் பேரைக் கேட்டால் இரண்டு பேர் ஒப்புக்கொள்வார்கள், ஒருவர் அனுப்பிவைப்பார். திருத்திய கட்டுரையின் மொழியைச் சரிபார்க்க இளைய விரிவுரையாளர் ஒருவரைப் பிடிக்க வேண்டும். வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, மேற்கோள் பட்டியலைச் சரிசெய்து, தளத்தில் ஏற்றுவதும் அவர்களில் ஒருவர்தான். இவை எதற்கும் வேலைப் பளுவில் குறைப்பு கிடையாது. எடிட்டர் டீன் ஆகிவிட்டால், அல்லது வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போய்விட்டால், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவருக்கு எந்தக் கட்டுரை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டிய இதழ் ஒன்றரை ஆண்டு வராமல் போவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கட்டுரை அனுப்பியவர்கள் வேறிடம் தேடிப் போய்விடுவார்கள், வருவது குறையும், இதழ் நின்றுவிடும்.

இதற்கு அடுத்தபடி சர்வர். பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் யாரோ ஓஜேஎஸ்ஸை நிறுவிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். புதிய பதிப்புக்கு மேம்படுத்த ஆளில்லை. பழைய பதிப்பின் ஓட்டை வழியாக யாரோ நுழைந்து, ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடுவே சூதாட்டத் தளங்களின் இணைப்புகளைச் செருகிவிடுகிறார்கள். தேடுபொறி அந்தத் தளத்தையே ஆபத்தானது என்று ஒதுக்கிவிடும். பத்தாண்டு உழைப்பு ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். கட்டுரைகள் அழியவில்லை, ஆனால் யாராலும் போய்ச் சேர முடியவில்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. பேணுவதற்கு இலவச வழிகள் இருக்கின்றன. ஓஜேஎஸ்ஸை உருவாக்கியவர்களே பாதுகாப்பு வலையமைப்பு ஒன்று நடத்துகிறார்கள். 2020இல் தொடங்கிய ஜாஸ்பர் திட்டம் குறிப்பாகக் கட்டணம் வாங்காத இதழ்களைக் காப்பதற்கென்றே வந்தது. இவற்றில் சேர ஓர் ஆள் அரை நாள் உட்கார வேண்டும். அந்த ஆள்தான் இல்லை.

ஆகவே என் கருத்து இது: ஒவ்வோர் இதழுக்கும் தனித்தனியாக உதவுவதை விட்டுவிட்டு, ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா இதழ்களுக்கும் பொதுவாக நூலகத்தில் இரண்டு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். ஒருவர் வெளியீட்டு வேலை பார்ப்பார்: மொழித் திருத்தம், வடிவமைப்பு, டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) பதிவு, தரமான இதழ்களின் பட்டியல்களுக்கு விண்ணப்பம். இன்னொருவர் தொழில்நுட்பம் பார்ப்பார். எடிட்டர்கள் கட்டுரையின் தரத்தை மட்டும் கவனித்தால் போதும். தென் ஆப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ், கேப் டவுன் பல்கலைக்கழக நூலகங்கள் இந்த வழியில்தான் தங்கள் இதழ்களை ஏற்று நடத்துகின்றன. கேப் டவுன் அதைப் பிற ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. எடிட்டர் மாறினாலும் நூலகம் மாறுவதில்லை. கடவுச்சொல்லும் பழைய கோப்புகளும் ஓரிடத்தில் இருக்கும்.

அதே பல்கலைக்கழகத்தில் ஐந்து சிறு இதழ்கள் மூச்சுத்திணறிக்கொண்டிருந்தால், அவற்றை இரண்டாக இணைப்பதையும் நான் ஆதரிக்கிறேன். இதைச் சொன்னால் துறைத் தலைவர்களுக்குக் கோபம் வரும். தன் பெயரில் ஓர் இதழ் இருப்பது ஒவ்வொரு துறைக்கும் கௌரவம். ஆனால் ஆண்டுக்கு நான்கு கட்டுரை வரும் இதழை முக்கியமான பட்டியல்கள் ஏற்பது அரிது. திறந்த இதழ்களின் முதன்மைப் பட்டியலான டிஓஏஜே ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை எதிர்பார்க்கிறது. அதோடு, ஆசிரியர் குழுவினரும் மதிப்பீட்டாளர்களும் எழுதிய கட்டுரைகள் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒரே துறைக்குள் நடக்கும் சிறு இதழ் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பெரும்பாலும் சிக்கும். இரண்டு மூன்று துறைகள் சேர்ந்தால் இரண்டு சிக்கலும் சேர்ந்தே தீரும்.

பணமே வேண்டாத திருத்தங்களும் பல உண்டு. ஒருமுறை வெளிவரும் இதழின் கட்டுரைகள் முழுவதையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஆய்வுக் கட்டுரைகளுக்கான தேடுபொறியான கூகுள் ஸ்காலர் அவற்றைத் தனிக் கட்டுரைகளாகக் கண்டுகொள்ளாது. தனித்தனியாக ஏற்றினால் அடுத்த சில வாரங்களில் வாசகர்கள் வரத் தொடங்குவார்கள். ஆறு கட்டுரை சேரும்வரை காத்திருக்காமல், தயாரானதை உடனே வெளியிட்டு ஆண்டு முடிவில் தொகுதியை மூடலாம். தாமதப் புகார் பாதி குறைந்துவிடும். கட்டணம் கிடையாது என்றால் அதைத் தளத்தில் எழுதிவைக்க வேண்டும். 'நாங்கள்தான் வாங்குவதே இல்லையே, எதற்கு எழுத வேண்டும்' என்று எடிட்டர்கள் கேட்பார்கள். எழுதாத காரணத்துக்காகவே டிஓஏஜே விண்ணப்பம் திரும்பி வரும். கட்டுரையைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம் எது, மதிப்பீடு எப்படி நடக்கிறது, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் எந்த நிறுவனத்தவர் என்பனவும் இதே கணக்கில் சேரும். இவற்றை ஒழுங்காக எழுதிவைத்தாலே ஏஜோலும் ஐனாஸ்ப்பும் 2017இல் கொண்டுவந்த தர மதிப்பீட்டில் நட்சத்திரம் கூடும்.

இனி, நிதி. டிஓஐ எண் வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பில் சிறு பதிப்பாளருக்கான ஆண்டுச் சந்தா பல காலமாக 275 டாலராக இருந்தது. அதற்கு மேல் புதுக் கட்டுரை ஒன்றுக்கு 1 டாலர். ஆண்டுக்குப் பதினாறு கட்டுரை வெளியிடும் இதழுக்கு 291 டாலர் ஆகும். ஒரு பெரிய பதிப்பகத்துக்கு ஒரு கட்டுரைக்காகக் கட்டும் 2,000 டாலர் இந்த இதழுக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டு டிஓஐ செலவு. எத்தியோப்பியா, உகாண்டா, தான்சானியா, மலாவி போன்ற நாடுகளுக்கு 2023 ஜனவரியிலிருந்து இந்தக் கட்டணமும் நீக்கப்பட்டுவிட்டது. ஆக, பொருட்செலவு சிறியது. பெரிய செலவு அந்த இரண்டு பணியிடங்களின் சம்பளம். நன்கொடையாளர்கள் தரத் தயங்குவது அதைத்தான். பயிலரங்கு நடத்தப் பணம் கிடைக்கும், புதுத் தளம் கட்டக் கிடைக்கும். ஓர் ஊழியருக்குப் பத்தாண்டு சம்பளம் கிடைக்காது. மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அதனால் அந்தச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் சொந்த வரவுசெலவில் இருந்தே வரவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சந்தா தரவுத்தளங்களுக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும்.

பணத்தைவிடக் கடினமானது பதவி உயர்வு விதி. நைஜீரியாவிலும் வேறு பல நாடுகளிலும் உயர்வுக் குழுக்கள் 'பன்னாட்டு இதழில்' வெளியானதற்குத் தனி மதிப்பெண் தருகின்றன. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் இருக்கிறதா என்று கேட்கின்றன. சொந்தப் பல்கலைக்கழக இதழில் எழுதினால் குறைந்த மதிப்பெண், அதை நடத்தினால் பெரும்பாலும் மதிப்பெண்ணே இல்லை. நல்ல கட்டுரைகள் வெளியே போகின்றன. 'பன்னாட்டு' என்று பெயர் வைத்துக்கொண்டு காசுக்கு எதையும் வெளியிடும் போலி இதழ்களும் இந்த விதியை வைத்துத்தான் பிழைக்கின்றன. எடிட்டர் வேலையை ஆண்டுக்கு இத்தனை மணி நேரப் பணி என்று கணக்கில் சேர்த்து, நாட்டின் தர மதிப்பீட்டில் தேறிய இதழுக்கு வெளிநாட்டு இதழுக்கு இணையான மதிப்பெண் கொடுத்தால் போதும். இதற்குப் பல்கலைக்கழகச் செனட்டின் (கல்விக் குழுவின்) தீர்மானம் ஒன்று வேண்டும், ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் இதைவிட மெதுவாக நகரும் காரியத்தை நான் பார்த்ததில்லை.

அரசு கைகொடுத்த இரண்டு நாடுகளைப் பார்த்தால் எதிரெதிர்ப் பாடங்கள் கிடைக்கின்றன. அல்ஜீரியாவில் செரிஸ்ட் என்ற அரசு ஆய்வு மையம் நாட்டின் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே தளத்தில் இலவசமாக நடத்துகிறது. அமைச்சகம் இதழ்களை வகை பிரிக்கிறது. முனைவர் பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் அந்த வகை கணக்கில் வருகிறது. உள்நாட்டு இதழுக்கு மதிப்பு கிடைக்கிறது. கூடவே, பட்டத்துக்காக எழுதப்படும் கட்டுரைகளின் வெள்ளமும் எடிட்டர் மேசைக்கு வருகிறது. தென் ஆப்பிரிக்காவில் அங்கீகரித்த இதழில் வெளியாகும் கட்டுரைக்காக அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. முழு அலகு ஒன்றுக்கு, அதாவது ஒரே பல்கலைக்கழகத்தவர் எழுதிய ஒரு கட்டுரைக்கு, ஒரு லட்சம் ராண்டுக்கு (அந்நாட்டு நாணயம்) மேல். மானியம் எழுதியவரின் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, வெளியிட்ட இதழுக்கு நேராக எதுவும் போவதில்லை. அங்கே இதழ்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது வேறொன்று: பிரேசிலில் தோன்றிய ஸைஎலோ திட்டத்தின் தென் ஆப்பிரிக்கக் கிளை. அந்நாட்டு அறிவியல் அகாடமி அதை நடத்துகிறது. இதழ்களைத் துறை வல்லுநர் குழு மதிப்பிட்டுச் சேர்க்கிறது. கட்டுரைகளைக் கணினி படிக்கும் வடிவுக்கு மாற்றும் செலவான வேலை ஒரே இடத்தில் பொதுவாக நடக்கிறது. நான் மேலே சொன்ன இரண்டு பணியிட யோசனையின் நாடளாவிய வடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

இனி உறுதியில்லாதவை. கண்டம் முழுவதற்கும் ஒரே தளம் போதுமா என்பதில் இத்துறையில் இருப்பவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, அரபு, போர்த்துகீசு ஆகியவற்றோடு சுவாஹிலியிலும் இதழ்கள் உண்டு. தார் எஸ் சலாம் பல்கலைக்கழகம் சுவாஹிலி மொழியிலேயே ஆய்விதழ் வெளியிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே கூரையில் வைத்தால் ஆங்கிலத்துக்குத்தான் முதலிடம் கிடைக்கும் என்ற அச்சம் நியாயமானது. வட்டாரத்துக்கு ஒன்று வைத்து அவற்றை இணைக்கலாம் என்ற பக்கம் நான் சாய்கிறேன், ஆனால் அது சோதித்துப் பார்த்த முடிவு இல்லை. அக்ராவில் இயங்கும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க ஆய்வு வலையமைப்பான வாக்ரென், ஏஜோல், நூலகங்களுக்கான ஐஃப்ல் அமைப்பு மூன்றும் சேர்ந்து, வெல்கம் அறக்கட்டளை நிதியில், கட்டணமில்லா வெளியீட்டை வலுப்படுத்தும் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றை எடுத்திருக்கின்றன. 2024 டிசம்பரில் டயமண்ட் இதழ்களுக்கான உலக மாநாடு கேப் டவுனில் நடந்ததும் நல்ல அறிகுறி. நிதிக் காலம் முடிந்தபின் பல்கலைக்கழகங்கள் பொறுப்பை ஏற்குமா என்பதை இப்போதே யாரும் சொல்ல முடியாது. மதிப்பீட்டாளருக்குச் சிறு தொகை கொடுத்தால் வேகம் கூடுமா என்பதும் இதுபோலத்தான்; கூடும் என்பவர்களும் தரம் கெடும் என்பவர்களும் சம அளவில் இருக்கிறார்கள்.

சிறு கட்டணம் வாங்கும் துறை இதழ்களை உடனே போலி என்று தள்ளிவிடாதீர்கள். நைஜீரியாவில் மதிப்பீட்டுக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்கும் நேர்மையான இதழ்கள் உண்டு. அச்சுச் செலவுக்கு வேறு வழியில்லாமல் தொடங்கிய வழக்கம் அது. கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கட்டுரை அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அனுப்பலாம், முதலில் நான்கு விஷயங்களைப் பார்த்துவிட்டு. கடைசி இரண்டு ஆண்டு இதழ்கள் வந்திருக்கின்றனவா? ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ இருந்து, அதைச் சொடுக்கினால் கட்டுரை திறக்கிறதா? ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்பவர்களின் பெயர் அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்திலும் இருக்கிறதா? டிஓஏஜேயிலோ ஏஜோலிலோ இதழ் இருக்கிறதா? நான்கும் சரியாக இருந்தால், பதில் வரச் சில மாதம் ஆனாலும் பொறுத்திருங்கள். அங்கிருந்து ஒரு கட்டுரையை மதிப்பிடச் சொல்லி உங்களுக்குக் கடிதம் வந்தால் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். குறித்த நாளுக்குள் விரிவாக எழுதி அனுப்புங்கள். நன்கொடையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தனி ஒருவராக நீங்கள் அந்த இதழ்களுக்கு இப்போது தரக்கூடியவற்றில் இந்த மதிப்பீட்டு வேலைக்குத்தான் மிகப் பெரிய தட்டுப்பாடு.